கவிழ்ந்தும் நிமிரும் கலம்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், டைன் ஆறு கடலோடு கலக்குமிடத்தில், சவுத் ஷீல்ட்ஸ் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர் அருங்காட்சியகத்தில் தகரத்தால் ஆன சிறு படகொன்றைப் பாதுகாத்து வருகின்றனர். பார்ப்பவர் கண்ணைக் கவரும் அழகு எதுவும் அதற்கு இல்லை. வீட்டுச் சுவர்களுக்கும் கதவுகளுக்கும் வர்ணம் பூசிப் பிழைத்த வில்லியம் வுட்ஹேவ் என்னும் ஏழைத் தொழிலாளி 1789ஆம் ஆண்டில் தம் கையால் செய்தது அது. அதனைத் தண்ணீரில் எப்படிக் கவிழ்த்துப் போட்டாலும் புரண்டு நிமிர்ந்துவிடும். அந்த ஒரு குணத்தை உலகம் ஏற்பதற்கு அறுபது ஆண்டுகள் ஆயின. ஏற்ற பிறகும் அதைக் குறித்த வழக்கு எளிதில் தீரவில்லை.

அந்தத் தகரப் படகின் வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டிய நிலைக்கு நம்மைக் கொண்டுவந்தது வேறொரு மாதிரிப் படகு. பிரித்தானிய உயிர்காப்புப் படகு நிறுவனத்தார் 1990களில் சேவையில் இறக்கிய 'செவர்ன்' வகைப் படகின் மாதிரி, உறுப்புகள் தனித்தனியே அடுக்கப்பட்ட பெட்டியாக நம் கைக்கு வந்து சேர்ந்தது. மெய்யான செவர்ன் 17 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுடையது. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு நம்முடையது. எனவே அணியத்திலிருந்து அமரம் வரை ஏறக்குறைய 1.4 மீட்டர். மேசை போதாமல் கதவுப் பலகையொன்றைக் கழற்றிப் பரப்பி வைத்தே வேலையைத் தொடங்கினோம். படகின் உடல் கண்ணாடி இழையால் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருந்தது. நம் பக்கத்து ஓடாவிகள் ஏராவை இட்டு, வங்குக்கால் நிறுத்தி, பலகை பிணைத்து, கலப்பத்து அடிக்கும் நீண்ட வேலைகளில் ஒன்றுமே இங்கே இல்லை. அந்த அளவில் நாம் ஓடாவி ஆகிவிடவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். நமக்கு எஞ்சியவை ஒட்டுவதும் தேய்ப்பதும் வர்ணம் பூசுவதுமே.

வர்ணம் என்றவுடன் வுட்ஹேவின் நினைவு தவிர்க்க முடியாதது. 1789இல் 'அட்வென்ச்சர்' என்னும் கப்பல் டைன் ஆற்று முகத்துவாரத்தில் ஹெர்ட் மணல்திட்டில் தரைதட்டியது. கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடி நின்றனர். கூப்பிட்டால் கேட்கும் தொலைவு. ஆயினும் அந்த அலையில் இறங்கக்கூடிய படகு எவரிடமும் இல்லை. கப்பலாட்கள் பாய்மரக் கயிறுகளைப் பற்றிக்கொண்டு தொங்கி, கை சோர்ந்து, ஒருவர் பின் ஒருவராகக் கடலில் விழுந்து மாய்ந்ததைக் கரையிலிருந்தோர் கண்ணால் கண்டனர். அந்தக் காட்சியின் வேதனையிலிருந்தே உயிர்காப்புப் படகுக்கான போட்டி பிறந்தது. ஊர்ப் பெரியோர் சிலர் ஒரு குழுவாகக் கூடி, சிறந்த மாதிரிக்கு இரண்டு கினி பரிசு என்று விளம்பரம் செய்தனர்.

வுட்ஹேவுக்கு யோசனை தோன்றிய விதம்பற்றி ஒரு கதை வழங்குகிறது. பெண்ணொருத்தி நீர் முகந்து வைத்த பாத்திரத்தில் உடைந்த மரக்கிண்ணத்தின் துண்டொன்று மிதந்ததாம். அதை அவர் விரலால் கவிழ்த்தாராம்; அது திரும்பவும் நிமிர்ந்து கொண்டதாம். கதை மெய்யோ பொய்யோ, அவர் செய்த மாதிரி அந்தத் துண்டின் இயல்பையே கொண்டிருந்தது. இரு முனைகளும் உயர்ந்து, அவற்றுள் நீர் புகாத காற்றறைகள், அடிப்புறம் கனமானது. கவிழ்ந்தால் உயர்ந்த இரு முனைகளின் மேல் அது நிற்க வேண்டும். அந்த நிலை ஊசிமுனையில் நிற்பது போன்றது. சற்றே அசைந்தாலும் அடிக்கனம் அதைப் புரட்டி மீட்டுவிடும்.

குழுவினர் பார்த்தார்கள். முழுப் பரிசுக்கு அது தகாது என்று முடிவு செய்து பாதியை, அதாவது ஒரே ஒரு கினியை, அவருக்கு அளிக்க முன்வந்தார்கள். வுட்ஹேவ் அதை அவமதிப்பாகக் கொண்டார் என்பர். பின்னர்க் குழுவினர் தாமே களிமண்ணால் ஒரு மாதிரியைப் பிடித்து, அதை ஹென்றி கிரேட்ஹெட் என்னும் படகு கட்டுபவரிடம் ஒப்படைத்தனர். ஏராவை வில்போல் வளைப்பது அவர் சொன்ன யோசனை. 1790 ஜனவரி 30ஆம் நாள் 'ஒரிஜினல்' என்ற பெயருடன் அப்படகு நீரில் இறங்கி, நாற்பது ஆண்டுகள் உழைத்து, 1830இல் பாறையில் மோதி அழிந்தது. ஏறத்தாழ 30 அடி நீளம், பத்துத் துடுப்புகள், பக்கங்களில் தக்கைக் கட்டு. முன்னும் பின்னும் ஒரே வடிவமாதலால் அதைத் திருப்ப வேண்டியதில்லை, அமர்ந்திருப்போர் திரும்பினால் போதும். சுக்கான் கிடையாது, நீண்ட துடுப்பொன்றே திசை காட்டியது. (சுக்கான் என்ற சொல்லும் மாலுமி என்ற சொல்லும் அரபு மொழியிலிருந்து நம் கரைக்குக் கப்பலேறி வந்தவை என்பதை வாசகர்கள் அறிவர்.)

கிரேட்ஹெட் தம் படகைக் குறித்து எழுதிய விவரங்களுள் வர்ணத்தைப் பற்றிய ஒரு குறிப்பு உண்டு. படகின் வெளிப்புறம் பெரும்பாலும் வெண்மையாகவே பூசப்படும். ஏனெனில் அலைப்பள்ளத்திலிருந்து அது மேலே எழும்போது கரையில் நிற்பவன் கண்ணில் முதலில் படுவது வெண்மையே என்று அவர் கூறுகிறார். அழகுக்காகப் பூசுவதல்ல என்பதை இக்குறிப்பு நமக்கு உணர்த்தியது. இன்றைய செவர்ன் படகின் கருநீல உடலுக்கு மேல் கூண்டு செம்மஞ்சளாகக் கனல்வதும் கண்ணில் படுவதற்கே. அந்தச் செம்மஞ்சள் நம்மைப் படுத்திய பாட்டைச் சொல்லி முடியாது. அது ஒளி ஊடுருவும் நிறம். சாம்பல் நிற அடிப்பூச்சின் மீது பூசினோம்; துருவேறியதுபோல் மங்கிப் போயிற்று. உப்புத்தாளை நீரில் நனைத்து முழுவதையும் தேய்த்துக் கழித்து, வெள்ளை அடிப்பூச்சு இட்டு, அதன்மேல் மெல்லிய பூச்சாக நான்கு முறை பூசிய பிறகே நிறம் பேசியது.

கிரேட்ஹெட் பெற்ற வெகுமதி பெரிது. 1802இல் பாராளுமன்றம் 1,200 பவுன் அளித்தது. வேறு சங்கங்களும் பொன்னும் பதக்கமும் வழங்கின. அவர் கட்டிய படகுகள் முப்பதுக்கு மேல். அவற்றுள் 1802இல் கட்டிய 'ஜெட்லண்ட்' ரெட்கார் ஊரில் ஐந்நூறுக்கு மேற்பட்ட உயிர்களை மீட்டு இன்றும் அங்கேயே காட்சிக்கு இருக்கிறது. உலகில் எஞ்சியுள்ள உயிர்காப்புப் படகுகளில் அதுவே மிகப் பழையது. கிரேட்ஹெட்டை நாம் வஞ்சகர் என்று சொல்ல மாட்டோம். அவர் தம் படகுக்குத் தனியுரிமை கோராமல் பிறரும் கட்டிக்கொள்ள விட்டவர். வுட்ஹேவோ 1821இல் வறுமையில் மறைந்தார். அவருடைய கல்லறைக் கல்லில் உயிர்காப்புப் படகின் வடிவம் செதுக்கப்பட்டு, அதைக் கண்டுபிடித்தவர் அவரே என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. இங்கே வியப்பு என்னவெனில், தெற்கே ஹைத் என்னும் ஊரிலும் ஒரு கல்லறைக் கல் இதே உரிமையைப் பேசுகிறது. அது லயனல் லூக்கின் என்னும் லண்டன் வண்டி கட்டுபவருடையது. அமிழாத படகொன்றுக்கு அவர் 1785லேயே உரிமை பெற்றிருந்தார். அமிழாத படகு லூக்கினுடையது. கடற்கரை ஊரொன்றில் உயிர்காப்புக்கென்றே கட்டி நிறுத்தப்பட்ட படகு கிரேட்ஹெட்டினுடையது. கவிழ்ந்தால் நிமிரும் படகு வுட்ஹேவினுடையது. நம் கருத்தில் இப்படிப் பிரித்துக் கொடுத்தால் மூவருக்கும் அநீதி இல்லை.

ஆனால் பெயரையும் புகழையும் விட்டுவிட்டாலும் கேள்வி தீர்ந்துவிடாது. அந்த ஒரு கினி தீர்ப்பின் மெய்யான விலை வெளிப்பட்டது 1849 டிசம்பர் 4ஆம் நாள். அதே சவுத் ஷீல்ட்ஸ். அதே ஹெர்ட் மணல்திட்டு. 'பெட்சி' என்னும் கப்பல் தரைதட்டியது. 'பிராவிடன்ஸ்' என்ற உயிர்காப்புப் படகில் 24 பேர் விரைந்தனர். யாவரும் கப்பல்களுக்கு வழிகாட்டும் தொழிலினர், அந்தக் கடலை உள்ளங்கைபோல் அறிந்தவர்கள். அலையொன்று படகைத் தூக்கிக் கவிழ்த்தது. கவிழ்ந்தது கவிழ்ந்தபடியே கிடந்தது. 20 பேர் மாண்டனர். கவிழ்ந்தால் நிமிரும் மாதிரி எந்த ஊரில் செய்யப்பட்டதோ அந்த ஊரின் மக்கள்தாம் நிமிராத படகில் மடிந்தனர்.

அதன்பின்தான் நார்தம்பர்லாந்துக் கோமகன் சிறந்த உயிர்காப்புப் படகுக்கு 100 கினி பரிசு அறிவித்தார். மாதிரிகளும் வரைபடங்களுமாக 280 வந்து குவிந்தன. 1851இல் பரிசு பெற்றவர் கிரேட் யார்மத் ஊரின் ஜேம்ஸ் பீச்சிங். அவர் படகு தானே நிமிரும் வகை. வூல்விச் கப்பல்தளத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பீக் அதைத் திருத்தியமைக்க, அந்த வகையே நாடெங்கும் பரவிற்று. இரண்டு கினிப் போட்டியில் பாதிப் பரிசுக்கு உரியதென்று மதிக்கப்பட்ட குணம் நூறு கினிப் போட்டியில் வென்றது.

கதை இங்கே முடிந்திருந்தால் வுட்ஹேவின் வெற்றி என்று எழுதிவிட்டு எழுந்துவிடலாம். கடல் அவ்வளவு எளிதில் தீர்ப்புச் சொல்வதில்லை. 1886 டிசம்பரில் 'மெக்ஸிகோ' என்னும் ஜெர்மானியக் கப்பல் லங்காஷயர் கரையில் சிக்கியபோது மூன்று ஊர்களிலிருந்து படகுகள் சென்றன. லிதம் ஊர்ப் படகு கப்பலிலிருந்த 12 பேரையும் மீட்டது. சவுத்போர்ட் படகில் 14 பேரும், செயின்ட் ஆன்ஸ் படகில் சென்ற 13 பேர் முழுமையும் இறந்தனர். அவ்விரண்டு படகுகளும் தானே நிமிரும் வகை என்று நம்பிச் செலுத்தப்பட்டவை; இரண்டும் கவிழ்ந்தே கரையொதுங்கின. 27 உயிர்கள்! வடகரையோரின் பழைய வாதத்துக்கு அப்போது புதிய பலம் கிடைத்தது: எளிதில் நிமிரும் படகு எளிதில் கவிழவும் செய்யும், நிமிரும் வித்தையைவிடக் கவிழாத அகலமே மேல் என்பது அவர்கள் வாதம். அடுத்த ஆண்டு நிறுவனத்தின் ஆலோசகராக அமர்ந்த ஜி. எல். வாட்சன் அகன்று நிலைத்த படகுகளை வரைந்தார். அவை நிமிர்பவை அல்ல; ஆயினும் படகோட்டிகள் அவற்றையே விரும்பினர். அவற்றின் வழிவந்த படகுகள் எண்ணற்ற உயிர்களை மீட்டன. 1969 மார்ச் 17ஆம் நாள் ஆர்க்னித் தீவுகளின் லாங்ஹோப் ஊரிலிருந்து சென்ற வாட்சன் வகைப் படகு கவிழ்ந்து எண்மர் மாண்டபோது, ஒரு வீட்டில் தந்தையும் இரு மைந்தர்களும் மற்றொரு வீட்டில் தந்தையும் இரு மைந்தர்களும் இல்லாமற்போயினர். மறு ஆண்டு ஃபிரேசர்பரோவிலும் அவ்வகைப் படகொன்று கவிழ்ந்து ஐவர் மாண்டனர். நிலைத்தும் நிற்க வேண்டும், நிமிரவும் வேண்டும் என்ற இரண்டையும் ஒரே உடலில் சேர்க்கும் முயற்சியில் ரிச்சர்ட் ஓக்லி என்பார் 1950களிலேயே வெற்றி கண்டிருந்தார். அதற்குப் பின்வந்த புதிய படகுகளில் நிமிரும் தன்மை நீங்காத விதியாயிற்று.

நம் செவர்ன் அவ்வழியில் வந்தது. அகன்ற உடல் நிலைப்பைத் தருகிறது. எந்திரங்களும் எண்ணெயும் அடியில் அமர்ந்திருக்கின்றன. நீர் புகாத கூண்டு மேலே காற்றை அடைத்து வைத்திருக்கிறது. கவிழ்ந்தால் அந்தக் காற்று மேலெழ முயல்கிறது, அடிக்கனம் கீழிறங்க முயல்கிறது. வுட்ஹேவ் முனைகளில் வைத்த காற்றறை இங்கே நடுவில் இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

இதையெல்லாம் படித்தறிந்த பின்னும் நாம் செய்த பிழையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மெய்யான படகின் எடை 42 டன் அளவு. நீளம் பன்னிரண்டில் ஒரு பங்கானால் எடை 1,728இல் ஒரு பங்காகும். ஆகவே மாதிரி ஏறக்குறைய 24 கிலோ இருக்க வேண்டும். ஈயக்கட்டிகளை இட்டு நாம் எடையைச் சரியாக்கினோம். எவ்வளவு என்பதைக் கணக்கிட்டோமேயன்றி எங்கே என்பதைக் கருதவில்லை. பித்தளைக் கம்பிகளால் கனத்த கைப்பிடிகளைப் பற்றவைத்தோம். கூண்டின் மேல் பூச்சுக்குமேல் பூச்சு ஏற்றினோம். மின்கலத்தைக் கைக்கு எட்டும் வசதிக்காகத் தளத்தின் அருகிலேயே வைத்தோம். பார்த்தவர் யாவரும் புகழ்ந்தனர்.

ஒருநாள் தோட்டத்துத் தொட்டியில் அதை மிதக்கவிட்டு இருவராகப் பிடித்துக் கவிழ்த்தோம். அடிப்பாகம் வானத்தைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தது. அந்த ஒரு நிமிடத்தில் நம் மனத்தில் வந்து நின்றது 'பிராவிடன்ஸ்'தான். தூக்கி எடுத்துப் பார்த்தால் கூண்டின் கதவு விளிம்பு வழியே உள்ளே தண்ணீர் வேறு புகுந்திருந்தது.

மீண்டும் பிரித்தோம். கதவு விளிம்புகளுக்குப் பசை இட்டு அடைத்தோம். பித்தளைக் கைப்பிடிகளை நீக்கி மெல்லிய கம்பி போட்டோம். கூண்டின் பூச்சைத் தேய்த்துக் குறைத்தோம். மின்கலத்தையும் ஈயத்தையும் ஏரா ஓரமாகக் கீழிறக்கினோம். மொத்த எடையில் மாற்றமே இல்லை. இரண்டாம் முறை கவிழ்த்தபோது ஒரு பக்கம் சாய்ந்து, தயங்கி, வெடுக்கென்று புரண்டு எழுந்தது. சிறிய உருவமாதலால் மெய்யான படகைவிட மூன்றரை மடங்கு விரைவாகவே அது அசையும் என்று கணக்குச் சொல்கிறது. விரைவில் முடிந்துவிட்ட அந்தக் காட்சியைச் சரியாகப் பார்ப்பதற்காகவே மேலும் பலமுறை கவிழ்த்தோம்.

சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில் 1890இல் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் வுட்ஹேவின் பெயரும் கிரேட்ஹெட்டின் பெயரும் சேர்ந்தே பொறிக்கப்பட்டுள்ளன. அதனருகே 1833இல் கட்டிய 'டைன்' என்னும் பழைய உயிர்காப்புப் படகு நிறுத்தப்பட்டிருக்கிறது. நம் படகின் கூண்டில் தொட்டிச் சுவர் உரசியதால் வர்ணம் ஓரிடத்தில் பெயர்ந்துள்ளது. அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் ஒரு பூச்சு பாக்கி, மெல்லியதாக.