மூன்றாம் ஆள்: கம்பெனி, வணிகர், தறி

நிர்வாகவியல் புத்தகங்களில் இப்போது அதிகம் புழங்கும் ஒரு சொற்சேர்க்கை 'மூன்றாம் தரப்பு அபாயம்'. ஒரு நிறுவனம் தன் வேலையை வெளியாளிடம் கொடுக்கிறது. அந்த வெளியாள் சரக்கைத் தராமல் போகலாம், மட்டமாகத் தரலாம், கடனில் மூழ்கலாம், ஏதாவது செய்து நிறுவனத்தின் பேரைக் கெடுக்கலாம். இதையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு, ஒப்பந்தம் போட்டு, சோதித்துச் சமாளிப்பது எப்படி என்று பாடம் நடத்துகிறார்கள். ஏதோ கணினி யுகத்தில் பிறந்த பிரச்சினை போலப் பேச்சு. சோழமண்டலக் கரையின் வரலாற்றைக் கொஞ்சம் வாசித்தவர்களுக்குச் சிரிப்புதான் வரும். சென்னைப்பட்டினமே இந்தப் பிரச்சினையைச் சுற்றி எழும்பிய ஊர். அபாயத்தை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு இறக்கி வைக்கிறார்கள். யார் இறக்கினார்கள், எந்த அதிகாரத்தைக் கொண்டு இறக்கினார்கள் என்பது நிர்வாகவியலின் கேள்வியாக இருப்பதில்லை.

1639இல் நிலம் கிடைத்து, மறு ஆண்டு கோட்டை எழத் தொடங்கியபோது ஆங்கிலக் கம்பெனிக்கு இங்கே வேண்டியிருந்தது துணி. வெள்ளைத் துணி, சாயத் துணி, பூ எழுதிய துணி. கிழக்கே தீவுகளில் மிளகும் வாசனைச் சரக்கும் வாங்க இந்தத் துணிதான் காசு மாதிரி. பிறகு ஐரோப்பாவே இதைக் கேட்கத் தொடங்கியது. ஆனால் கம்பெனிக்காரனுக்குத் தறி எந்த ஊரில் இருக்கிறது, யார் நெய்கிறார்கள் என்பதே தெரியாது. எனவே நடுவில் ஆள் வேண்டியிருந்தது. பேச்சுக்குத் துபாஷ், சரக்குக்குத் தலைமை வணிகர். கம்பெனி தலைமை வணிகருக்கு முன்பணம் தரும். அவர் சிறு வணிகருக்கு, சிறு வணிகர் தரகருக்கு, தரகர் ஊரிலுள்ள தலைமை நெசவாளருக்கு, அவர் தறிக்காரருக்கு. பணம் இறங்கிய படிகளிலேயே துணி ஏறி வரும். ஒவ்வொரு படியிலும் ஒரு கை கொஞ்சம் கிள்ளிக்கொள்ளும்.

கப்பலோ பருவக்காற்றுக்குக் கட்டுப்பட்டது. அன்றைய சென்னையில் துறைமுகம் கிடையாது, திறந்த கரைதான். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கப்பல் அங்கே நிற்க முடியாது. துணி கொஞ்சம் பிந்தினாலும் கப்பலைத் தவறவிட்டு, அடுத்த பருவம் வரை கிடங்கில் கிடக்கும். போட்ட பணமும் அதோடு கிடக்கும். பஞ்சு விலை ஏறலாம், மழை பொய்க்கலாம், குதிரைப்படை ஒன்று ஊர் வழியாகப் போகலாம். இதில் எது நடந்தாலும் முன்பணம் போன இடம் தெரியாது. இவ்வளவுக்கும் கம்பெனி கண்டுபிடித்த முதல் மருந்து, நம்பகமான ஒரு பெரிய மனிதரைப் பிடித்துக்கொள்வது. காசி வீரண்ணா அப்படிப்பட்டவர். 1680இல் இறக்கும்வரை கோட்டையின் தலைமை வணிகர். பக்கத்திலிருந்த சாந்தோமைக் கோல்கொண்டா அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தவரும் அவர்தான். இப்படிப்பட்ட ஆளிடம் போய் "துணி மட்டமாக இருக்கிறது" என்று எந்த ஆளுநர் குரலை உயர்த்துவான்? ஒரே ஆளை நம்பினால் அந்த ஆளே அபாயமாகிவிடுகிறார். இன்றைய புத்தகங்களும் இதைப் பெரிய கண்டுபிடிப்பாக எழுதுகின்றன.

இரண்டாவது மருந்து கூட்டுப்பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம், ஐரோப்பியக் கம்பெனிகளின் ஆவணங்களுக்குள்ளிருந்து இந்த வணிகர்களின் கதையைத் தோண்டி எடுத்தவர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் டச்சுக்காரர்கள் தங்களுக்குத் துணி தரும் வணிகர்களைப் பங்குக் கூட்டாகச் சேர்த்ததையும், ஆங்கிலேயர் அதைப் பின்பற்றியதையும் அவர் வழியாகவே நாம் அறிகிறோம். பங்கு போட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து முன்பணத்துக்குப் பொறுப்பு. ஒருவன் ஓடினால் மற்றவன் கட்ட வேண்டும். உள்ளூர் வணிகருக்குக் கூட்டு முதலீட்டை ஐரோப்பியர் கற்றுக்கொடுத்தார்கள் என்று இதைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் உண்டு. கற்றுக்கொடுத்தது முதலீட்டை மட்டுமா? ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பதையும் சேர்த்துத்தான்.

சரி, படியின் அடியில் இருந்த தறிக்காரர் என்ன ஆனார்? இங்கேதான் நம் பொதுப்புத்தி தடுமாறுகிறது. நெசவாளி என்றாலே காலகாலமாக அடிபட்டவர் என்ற சித்திரம் நம்மிடம் உறைந்துபோயிருக்கிறது. பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட நூல் இதைக் கலைத்துப்போட்டது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னிந்திய நெசவாளர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலக முடிந்தது. வேறு ஒருவர் கூடுதல் விலை சொன்னால் அவருக்கு நெய்ய முடிந்தது. ஊரே தறியைக் கழற்றிக்கொண்டு இன்னொரு பாளையத்துக்குப் போய்விட முடிந்தது. போகிற இடத்தில் வரவேற்கவும் ஆள் இருந்தார்கள். தறிக்கு வரி போட்டுப் பிழைத்த அரசுகளுக்கு நெசவாளர் ஓடிப்போவதைவிடப் பெரிய பயம் என்ன இருக்கும்? வராத கடனைக் கட்டாயப்படுத்தி வசூலிக்க வணிகருக்குச் சட்டத்தின் கை உதவவில்லை. ஆக, நஷ்டத்தில் பெரும்பங்கு வணிகரின் மடியில் நின்றது. இதை ஏதோ பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பஞ்சம் வந்தால் தறிக்காரர்தான் முதலில் செத்தார். ஆனால் பேரம் பேச ஒரு இடம் இருந்தது.

சாதியையும் இதற்குள் வைத்துப் பார்க்க வேண்டும். 1707இல் தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது சென்னையில் வெடித்த வலங்கை இடங்கைச் சண்டையை வெறும் தெரு ஊர்வலத் தகராறாக எழுதிவிட்டுப் போவது வழக்கம். கம்பெனியின் துணி ஒப்பந்தம் யாருக்கு என்பதும் அதற்குள் கலந்திருந்தது. வலங்கையினரில் ஒரு பகுதியினர் பட்டினத்தை விட்டுச் சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கம்பெனி மிரண்டது. அதற்குப் பின் அது செய்த வேலையைக் கவனியுங்கள்: தறியையே தன் எல்லைக்குள், தன் கண்ணெதிரில் கொண்டுவந்து வைப்பது. ஜோசப் காலெட் ஆளுநராக இருந்த காலத்தில் திருவொற்றியூர்ப் பக்கம் காலெட் பேட்டை, நம் வாயில் காலடிப்பேட்டை. 1734இல் சிந்தாதிரிப்பேட்டை, முன்னாள் தலைமை வணிகர் சுங்குராமரின் தோட்டமாக இருந்த நிலத்தில். நூற்பவர், நெய்பவர், துணி எழுதுபவர், வெளுப்பவர் எல்லோருக்கும் அங்கே இடம். இன்று அந்தத் தெருக்களில் நடக்கிறவருக்கு இது ஒரு ஜவுளிக் கம்பெனியின் சரக்குப் பயத்தில் பிறந்த பேட்டை என்று தோன்றாது.

திருப்பம் 1763. செங்கல்பட்டுச் சீமை நவாபிடமிருந்து கம்பெனிக்கு ஜாகீராக வந்தது. துணி வாங்குகிறவனே வரி வாங்குகிறவனும் ஆனான். அதே பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடு ஆள் படிப்படியாக ஒதுக்கப்பட்டார். வங்காளத்தில் 1753லேயே தாதனி வணிகரை விட்டுவிட்டுச் சம்பள குமாஸ்தாக்களை வைத்தார்கள். இங்கும் குமாஸ்தா, அவனுக்குப் பின்னால் சேவகன். முன்பணம் வாங்கிய தறிக்காரர் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது. பிந்தினால் வீட்டு வாசலில் சேவகன் வந்து குந்திக்கொள்வான். அவன் படிச்செலவையும் தறிக்காரரே தர வேண்டும். கிடங்கில் தரம் பிரிப்பவன் ஒன்றை இரண்டாம் நம்பர் என்றால் விலை இறங்கும், கழித்துவிட்டால் அதுவும் இல்லை. தரம் என்ற சொல் இவ்வளவு அப்பாவியாக ஒலிக்கிறதே, அதற்குள் இவ்வளவு இருக்கிறது. பணத்தைத் திருப்பி எறிந்துவிட்டு விலகும் வழி அடைபட்டது. நெசவாளர் எதிர்த்தார்கள், தறியை நிறுத்தினார்கள், கூட்டமாக ஊரைவிட்டுப் போனார்கள். ஆனால் போவதற்குக் கம்பெனியின் கை எட்டாத ஊர் குறைந்துகொண்டே வந்தது.

நெசவாளரின் கட்டைவிரலை வெள்ளைக்காரன் வெட்டினான் என்பது நம் மேடைகளில் தீராத கதை. 1772இல் வில்லியம் போல்ட்ஸ் எழுதியது வேறு. வங்காளத்தில் பட்டு நூல் சுற்றுகிறவர்கள், தங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாதென்று தாங்களே கட்டைவிரலை வெட்டிக்கொண்டார்கள் என்கிறார் அவர். போல்ட்ஸ் கம்பெனியோடு பகைத்துக்கொண்டு எழுதியவர், கூட்டிச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும், மேடைக் கதையைவிட இது எனக்கு அதிகம் சொல்கிறது. விலகுவதற்கு வேறு வழி மிச்சமில்லாதவன் தன் விரலிடம் போகிறான்.

துபாஷ்களுக்கு நாட்குறிப்பு உண்டு. புதுச்சேரியில் ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியது நம் உரைநடை வரலாற்றுக்கே முக்கியமான பிரதி. தமிழ் எம்.ஏ. வகுப்பில் அதன் நடையைப் பற்றிப் பேசுவார்கள். அதற்குள் ஓடும் சரக்கையும் கடனையும் யாரும் பேசுவதில்லை. தறிக்காரருக்கு அப்படி ஒரு நாட்குறிப்பு இல்லை. அவர் குரல் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் 'வராக்கடன்' என்ற வரியாக மட்டும் கிடைக்கிறது.

இப்போது சேவகனின் இடத்தில் சான்றிதழ் வந்திருக்கிறது. 2012 செப்டம்பரில் கராச்சியில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அதற்குச் சர்வதேசத் தரச்சான்று கொடுக்கப்பட்டிருந்தது. 2013 ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இடிபாடுகளுக்குள் கிடந்த துணிச் சீட்டுகளைப் பொறுக்கிக் காட்டித்தான் எந்தெந்தக் கம்பெனிக்கு அங்கே தைத்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. திருப்பூரில் ஏற்றுமதிக்காரர் ஆர்டர் எடுப்பார், சாயம் ஜாப் ஒர்க்கில் வேறொரு பட்டறைக்குப் போகும், கழிவு நொய்யலுக்குப் போகும். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயிகள் வழக்கு மேல் வழக்காகப் போட்டார்கள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மூடியது பட்டறை. துணியின் கழுத்துச் சீட்டில் பேர் போட்டுக்கொண்ட வெளிநாட்டுக் கடைகள் அந்த வழக்கில் எங்குமே இல்லை.