நீரிழிவும் மாறிவந்த சிகிச்சையும்

சுனாபட்டி என்னும் பெயருக்குச் சுண்ணாம்புக் காளவாய் என்பது பொருள். அப்பகுதியிலும், அண்மையிலுள்ள தாராவி, செம்பூர்ப் பகுதிகளிலும் வாழும் நம்மவர் வீடுகளில் நீரிழிவு இன்று அரிய விருந்தாளி அன்று. “மருந்தை மாற்றவேண்டும், இனி ஊசியும் தேவைப்படலாம்” என்று வைத்தியர் கூறியவுடன் நோயாளியின் முகம் வாடுகிறது. பத்தியம் தவறியதற்குத் தண்டனை என்று ஒருவர் வெட்குகிறார். இனி நாள் அதிகம் இல்லை என்று இன்னொருவர் அஞ்சுகிறார். இவ்வெண்ணங்களுக்கு ஆதாரம் உண்டா என்பதை இந்நோயின் சிகிச்சை வரலாறே கூறட்டும்.

1921-க்கு முன்னர் மேல்நாட்டு வைத்தியர்கள் கண்ட வழி, ஏறக்குறையப் பட்டினி. அமெரிக்காவில் ஆலன் என்பார் வகுத்த கடும் பத்தியத்தால் சிறுவர்கள் சிலகாலம் உயிர்தரித்தனர்; எலும்பும் தோலுமாய்த் தரித்தனர். 1921-இல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தனர். கணையத்தில் தீவுகளைப் போலச் சிதறிக்கிடக்கும் உயிரணுக் கூட்டங்களே அதன் பிறப்பிடம். ஆதலின் தீவு என்னும் லத்தீன் சொல்லிலிருந்து இன்சுலின் என்று பெயர் வந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இப்பெயரில் தனி விருப்பம் உண்டு.

1922 ஜனவரி 11-ஆம் நாள் லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அம்மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பெற்றது. பயன் சொற்பமே, ஊசியிட்ட இடத்தில் புண்ணும் கண்டது. காலிப் என்னும் விஞ்ஞானி அதனை மேலும் தூய்மையாக்கித் தர, ஜனவரி 23-இல் மீண்டும் செலுத்தினர், சிறுவன் தேறினான். முதல் நோயாளிக்கே பன்னிரண்டு நாளில் மருந்தை மாற்றவேண்டியிருந்தது! அதற்காக அச்சிறுவனைக் குறைகூறியவர் எவரும் இலர்.

மாத்திரைகளின் கதையும் இத்தகையதே. 1942-இல் பிரான்சு நாட்டில் டைபாய்டுக்குக் கொடுத்த ஒரு கந்தக மருந்து, நோயாளிகளின் இரத்தச் சர்க்கரையை அபாயமான அளவுக்குக் குறைத்தது. அத்தீங்கையே நன்மையாக்கி 1950-களில் மாத்திரைகள் செய்தனர். 1957-இல் அந்நாட்டிலேயே ழான் ஸ்டெர்ன் என்பார் மெட்பார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். அதன் உடன்பிறப்பான பென்பார்மின், உயிருக்குத் தீங்கானதென்று 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. மெட்பார்மினோ இன்றளவும் நிலைத்துநிற்கிறது.

நம் நாட்டிலும் முயற்சி குறைவன்று. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் பேராசிரியர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையே கண்டார். தானியமும் நார்ப்பொருளும் மிகுந்த உணவை அவர் ஆதரித்தார். சோற்றை அடியோடு மறக்கவேண்டுமோ என்று ஏங்கிய நம்மவர்க்கு அது எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பம்பாயிலோ 1955-இல் இந்திய நீரிழிவுச் சங்கம் தோன்றியது.

இனி, வெட்கத்திற்கு விடை. பிரிட்டனில் 1977 முதல் 1997 வரை, புதிதாக நோய்கண்ட 5,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தனர். ஒற்றை மருந்தாலேயே சர்க்கரையை வேண்டிய அளவில் நிறுத்த முடிந்தவர் மூன்றாண்டுக்குப்பின் ஏறத்தாழப் பாதிப்பேர். ஒன்பதாண்டுக்குப்பின் நான்கில் ஒரு பங்கினரே. பத்தியம் காத்தவர்க்கும் கணையத்தின் ஆற்றல் ஆண்டுதோறும் குறைகிறது; குறைந்ததை ஈடுசெய்யவே மருந்து கூடுகிறது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்து உண்டு. கோடை விடுமுறைக்கு நெல்லைக்கோ சேலத்திற்கோ செல்கிறோம். அங்குள்ள வைத்தியர் வேறு சீட்டு எழுதுகிறார். வணிகப்பெயர் வேறு, மருந்து ஒன்று என்பதை அறியாமல் இரண்டையும் விழுங்கினால் சர்க்கரை மிகத் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் உண்டாகலாம். ஆகவே பம்பாய்ச் சீட்டைக் கையோடு கொண்டுசெல்க. வணிகப்பெயரை விடுத்து மருந்தின் மூலப்பெயரைத் தாயோ மகளோ ஒரு தாளில் தமிழில் எழுதிவைக்கட்டும். இன்சுலின் குப்பியை ரயிலில் வெயில் படாமல் வைப்பதோடு, பனிக்கட்டியோடு ஒட்டாமலும் காக்கவேண்டும். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. சட்டைப்பையில் சிறிது சர்க்கரையும் இருக்கட்டும்.