உப்பு இலாகா (சென்னை மாகாணம்)

சென்னை மாகாணத்தில் உப்பு விளைச்சல், சேமிப்பு, விற்பனை, வரி வசூல் ஆகியவற்றைக் கவனித்த அரசுத் துறை உப்பு இலாகா. கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் ஏற்படுத்திய ஏகபோக உரிமை இதன் தொடக்கம். 1870களின் இறுதியில் இது தனி இலாகாவாயிற்று. 1920களில் இந்திய அரசின் நேரடிப் பொறுப்புக்கு மாறியது. மாகாணத்தில் திரட்டப்பட்ட பெரிய வருவாய்களுள் ஒன்று உப்பு வரி.

முன்வரலாறு

உப்பு வணிகம் செய்த உமணரைச் சங்கப் பாடல்கள் குறிக்கின்றன. உப்பெடுப்பதில் அரசனுக்கிருந்த உரிமையைப் பல்லவர் செப்பேடுகள் சுட்டுவதாகக் கொள்வர். கம்பெனி ஆட்சிக்கு முன் உப்பளங்கள் பெரும்பாலும் குத்தகையிலோ வார முறையிலோ நடந்தன.

ஏகபோகக் காலம் (1805–1870கள்)

1805ஆம் ஆண்டின் முதலாம் ஒழுங்குவிதி உப்பு விற்பனையை அரசின் தனியுரிமை ஆக்கியது. அளத்துக்காரர் தம் செலவில் உப்பை விளைவித்து, அரசு குறித்த விலைக்கு அரசிடமே ஒப்படைக்க வேண்டும். இவ்வாறு அவர்களுக்குக் கிடைத்த தொகை ‘குடிவாரம்’ எனப்பட்டது. வேறு எவருக்கும் விற்பது குற்றம். ரெவினியூ போர்டின் கீழ் மாவட்டக் கலெக்டர்களே இந்த வேலையையும் பார்த்தனர்.

கிழக்குக் கரையில் விளைச்சல் தை மாதத்தையொட்டித் தொடங்கி, மழை வரும்வரை நீடிக்கும். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவர். கழியிலிருந்தோ கிணற்றிலிருந்தோ உவர்நீரை ஏற்றி, பாத்தி பாத்தியாகக் கடத்திச் செறிவூட்டுவர். படிந்த உப்பை வாரி வரப்பில் குவித்து வடிய விட்டபின், மேடான சேமிப்பிடமான கொட்டாரத்துக்குச் சுமந்து சென்று அம்பாரமாகக் கட்டுவர். மழைக்குக் காப்பாக ஓலை வேய்வதும், யாரேனும் கை வைத்தால் தெரியும்படி அம்பாரத்தின் மேல் முத்திரை பதிப்பதும் வழக்கம். வியாபாரி அரசுக் கஜானாவில் பணம் கட்டி, அதற்கான சீட்டைக் கொட்டாரத்தில் காட்டி உப்பை எடுத்துச் செல்வார். எண்ணூர், கோவளம், மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி ஆகியவையும், வடக்கே அன்றைய கஞ்சம் மாவட்டத்து நௌபதாவும் பெயர்பெற்ற அளங்கள்.

கணக்கின் அலகு ‘கரிசை’. ஒரு கரிசை 120 மணங்கு, அதாவது ஏறத்தாழ நாலரை டன். தொடக்க விற்பனை விலை கரிசைக்கு 70 ரூபாய், மணங்குக்கு 9 அணா 4 பை. 1809இல் இது 105 ரூபாயாக உயர்ந்தது. 1820இல் மீண்டும் 70 ஆகி, 1828இல் மறுபடியும் 105 ஆனது. 1844இல் உள்நாட்டுச் சுங்கமான சாயர் வரி நீக்கப்பட்டபோது, அந்த இழப்பை ஈடுகட்ட 180 ரூபாயாக்கினர். அதே ஆண்டில் 120க்கு, அதாவது மணங்குக்கு ஒரு ரூபாய்க்கு, இறக்கினர். 1857 கிளர்ச்சிக்குப் பிந்தைய நிதி நெருக்கடியில் விலை படிப்படியாக ஏறி, 1869இல் மணங்குக்கு 2 ரூபாயைத் தொட்டது. இந்த 32 அணாவில் உற்பத்திக்கும் நிர்வாகத்துக்கும் 3 அணாவே சேர்ந்தது. மீதி 29 அணாவும் வரி.

பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு எல்லை தாண்டி வராதிருக்கவும் வழி காணப்பட்டது. 1815 ஒப்பந்தப்படி அங்கு உள்ளூர்த் தேவைக்கு மேற்பட்ட உப்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. கைம்மாறாகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் உறுதியளிக்கப்பட்டது.

தனி இலாகாவும் கலால் முறையும்

1876இல் அமைந்த சென்னை உப்பு விசாரணைக் குழு, ஏகபோகத்தைக் கைவிட்டுக் கலால் முறைக்கு மாறப் பரிந்துரைத்தது. தொடர்ந்து உப்பு வருவாய்க்கெனத் தனி ஆணையர் அமர்த்தப்பட்டார். புதிய முறையில், உரிமம் பெற்றவர் உப்பை விளைவித்து, வெளியே எடுக்கும்போது வரி கட்டி, தம் விலைக்கு விற்கலாம். சில இடங்களில் உரிமதாரர்கள் கூடி விலையை ஏற்றியதால் அரசு ஏகபோக அளங்களை முழுதும் விட்டுவிடவில்லை. ஆகவே இரு முறைகளும் நெடுங்காலம் அருகருகே நடந்தன.

மாகாணங்களுக்கிடையே வரியைச் சமன்செய்யும் திட்டத்தில், வங்காளத்தின் உயர்ந்த வரி குறைக்கப்பட்டது. சென்னையின் வரி 1877 இறுதியில் மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாயிற்று. வட இந்தியாவில் உப்புக் கடத்தலைத் தடுத்த நீண்ட சுங்க வேலி 1879இல் கைவிடப்பட இந்தச் சமன்பாடு வழிசெய்தது. ஆனால் அப்போது சென்னை மாகாணம் 1876–78 பெரும்பஞ்சத்தின் பிடியில் இருந்தது. உயர்வு நுகர்வை எவ்வளவு பாதித்தது என்பதில் கருத்தொற்றுமை இல்லை. தலைக்கு விழும் சுமை சிறிதே என அதிகாரிகள் வாதிட்டனர். ஏழையின் கஞ்சியிலிருந்து எடுக்கப்படும் வரியை அப்படி அளக்க முடியாது என்று எதிர்த்தரப்பினர் மறுத்தனர்.

காவலும் இலாகாவின் பெரும்பணி. உள்மாவட்டங்களில் உவர்மண்ணைக் கரைத்து உப்பெடுத்த உப்பிலியர் முதலானோரின் தொழில் ஒடுக்கப்பட்டது. சதுப்புகளில் தானே விளைந்த உப்பைக் காவலர் அழித்தனர். 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் சோதனையிடவும் கைது செய்யவும் அதிகாரம் அளித்தது. சாராயம், கள் ஆகியவற்றின் அப்காரி (மதுவரி) வேலையும் இதே ஆணையரின் பொறுப்பில் சேர்ந்தது.

இலாகாவின் பணிகளுள் மீன் பதனிடும் முற்றங்கள் தனியே குறிப்பிடத்தக்கவை. மீன்வள ஆய்வாளர் பிரான்சிஸ் டே போன்றோரின் வற்புறுத்தலை அடுத்து, 1870களிலிருந்து கடற்கரையோரம் வேலியிட்ட முற்றங்கள் அமைந்தன. அங்கே கொண்டுவரப்பட்ட மீனுக்கு வரியில்லா உப்பு எடைபோட்டுத் தரப்பட்டது. மீன் பெருத்த நாளில் கரையில் அழுகிய சரக்கைக் கருவாடாக்க வழி பிறந்தது. முற்றங்கள் பின்னர் மீன்வளத் துறைக்கு மாறின.

வருவாய்ப் பங்கீடு

மாகாணங்களுக்கு நிதிப் பொறுப்பைப் பகிர்ந்த 1870 சீர்திருத்தத்துக்குப் பின்னும் உப்பு வரி மைய அரசின் இனமாகவே நீடித்தது. வேலை சென்னையில் நடந்தது, பணம் மையக் கருவூலத்துக்குச் சேர்ந்தது. விகிதத்தை மாற்றும் உரிமையும் மாகாணத்துக்கு இல்லை. 1882இல் 2 ரூபாயாகக் குறைந்த வரி, 1888இல் மீண்டும் 2 ரூபாய் 8 அணாவாயிற்று. மையச் சட்டமன்றத்தில் கோகலே போன்றோர் தொடர்ந்து வலியுறுத்தி வந்த குறைப்பு 1903இல் தொடங்கி, 1907இல் வரி ஒரு ரூபாய் ஆனது. வரி குறையக் குறைய நுகர்வு பெருகியது. 1916இல் 1 ரூபாய் 4 அணாவாகி, 1923இல் இரட்டிப்பாக்கப்பட்டு, மறு ஆண்டே பழைய அளவுக்குத் திரும்பியது.

எதிர்ப்பும் வரி நீக்கமும்

உப்பு வரியை எதிர்த்து 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் வேதாரண்யத்தை அடைந்து, ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு எடுத்துக் கைதாயினர். 1931 காந்தி–இர்வின் ஒப்பந்தம் உப்பு விளையும் இடங்களின் மக்கள் சொந்தத் தேவைக்கு எடுக்க இடமளித்தது. உப்பு வரி 1947 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது.

பிற்காலம்

விடுதலைக்குப் பின் இத்துறை ஜெய்ப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு ஆணையர் அமைப்பில் தொடர்ந்தது. 1974இல் தமிழ்நாடு உப்புக் கழகம் நிறுவப்பட்டது. அதன் அளம் ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உள்ளது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படும் தமிழ்நாட்டில், பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது.