வள்ளல் மனமா? வாசகன் காசா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! பேச்சிப்பாறை அணையின் அடிவாரத்திலே திரண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

மலிவு விலை நூலை வாழவைப்பது வள்ளலின் மனமா, வாசகனின் காசா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் மர்ரே கம்பெனி ராஜம் அவர்களைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டுப் போனார். நானும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். 1950களிலே அறிஞர்களைக் கூட்டிவைத்து, சங்கப் பாட்டைச் சந்தி பிரித்து, சாதாரண மனிதனும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி அச்சடித்து, ஒரு ரூபாய் விலையிலே கொடுத்த மனிதர் அவர். வள்ளல்தான். ஆனால், வள்ளல் கை ஓய்ந்த பிறகு? 1981இல் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அதையே மறுபடி அச்சடித்தது. யாரை நம்பி? வாங்குவான் என்று வாசகனை நம்பி! (கைதட்டல்)

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். எழுத்துக் கோக்க, பிழை திருத்த, அட்டைப்படம் வரைய 10,000 ரூபாய் என்று வையுங்கள். 500 பிரதி போட்டால் ஒரு புத்தகத்தின் தலையில் 20 ரூபாய். 10,000 பிரதி போட்டால்? ஒரே ஒரு ரூபாய்! அப்புறம் காகிதக் கூலி, அச்சுக் கூலி, கடைக்காரர் கழிவு, அவ்வளவுதான். ஆக, விலையைக் குறைப்பது யாருடைய தர்மமும் இல்லை, எண்ணிக்கை! வீட்டுச் சாப்பாடும் கல்யாணச் சாப்பாடும் மாதிரி. நாலு பேருக்குச் சமைத்தாலும் அடுப்பு ஒன்றுதானே பத்த வைக்கணும்? (சிரிப்பு)

இங்கிலாந்திலே 1935இல் ஆலன் லேன் பெங்குயின் நூல்களைப் போட்டார். விலை ஆறு பென்னி, ஒரு சிகரெட் பாக்கெட் விலை. புத்தகக் கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். காப்பாற்றியது யார்? சில்லறைச் சாமான் விற்கிற உல்வொர்த் கடை! 63,500 பிரதி கேட்டது. எதற்கு? ஊசி நூல் வாங்க வருகிறவன் இந்த நூலும் வாங்குவான் என்றுதான்.

நம்ம ஊருக்கு வருவோம். பாரதி பாட்டு ஒரு காலத்திலே தனியார் சொத்து. அதைப் பொதுச் சொத்தாக்கு என்று முழங்கியவர்களில் ஒருவர் நம்ம பூதப்பாண்டி ஜீவா. அரசு 1949இல் உரிமையை வாங்கியது, 1955இல் எல்லாருக்கும் என்றாயிற்று. 1957இல் சக்தி வை. கோவிந்தன் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குப் போட்டார்! அந்தக் கோவிந்தன் கடைசிக் காலத்தில் பணமில்லாமல் கஷ்டப்பட்டார் என்று எதிரணி சொல்லும். ஆமாம் ஐயா, அதைத்தான் நானும் சொல்கிறேன். தோளிலே சுமக்கிறவன் ஒருத்தனாக இருந்தால், அவன் இடுப்பு ஒடியத்தானே செய்யும்!

"நூலகம் வாங்குதே" என்பார்கள். 1948இல் சென்னை மாகாணத்திலே பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நல்லதுதான். ஆனால் நூலக ஆணையை மட்டுமே நம்பிப் போடுகிற புத்தகம் என்ன ஆகிறது? அத்தனை பிரதியோடு அச்சு நிற்கிறது. விலை இறங்கவே இறங்காது. புத்தகம் மனிதனுக்குப் போகாமல் பீரோவுக்குப் போகிறது!

இதோ உங்கள் அணை. 1906இல் கட்டி முடித்தது. 48 அடி தண்ணீர் கட்டி நின்றால் மட்டும் போதுமா? ஏம்ல, மடை திறக்காட்டா தோவாளைக் கடைமடைக்காரன் என்னத்த நடுவான்? கட்டினவன் பெரியவன்தான். அவனைக் கும்பிடுவோம். ஆனால் வாய்க்கால் நம்ம சட்டைப்பையிலிருந்துதான் புறப்படுகிறது, நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)

ஆகவே மலிவு நூலை வாழவைப்பது வாசகன் காசே காசே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.