வெட்டிவேர்: பெயரும் புல்லும்

நாட்டு மருந்துக் கடையில் சிறு கட்டாகத் தொங்கும் மணமுள்ள வேருக்கு வெட்டிவேர் என்று பெயர். ஆற்றோரத்தில் ஆளுயரத்துக்குத் தூர்கட்டி, பல ஆண்டுகள் நிலைத்து நிற்கும் புல்லுக்கும் அதுவே பெயர். தமிழ் இந்தப் புல்லின் தாளையும் பூவையும் விட்டுவிட்டு வேரைக் கொண்டே அதை அழைத்தது. வடமொழி வழக்கம் வேறு. நிகண்டு நூலான அமரகோசம் புல்லை வீரணம் என்றும், அதன் வேரை உசீரம் என்றும் பிரித்துச் சொல்கிறது. காளிதாசனின் சாகுந்தலத்தில் சகுந்தலையின் உடல் வெப்பம் தணியப் பூசுவது உசீரக் குழம்புதான்.

‘வெட்டி’ என்றதும் வெட்டிப்பேச்சும் வெட்டிவேலையும் இன்று நினைவுக்கு வரலாம். இந்தப் பெயரில் இருப்பது அந்த வெட்டி அன்று. கிணறு வெட்டுகிறோம், குளம் வெட்டுகிறோம். அங்கெல்லாம் வெட்டுதல் என்றால் தோண்டுதல். மண்ணை வெட்டி எடுக்கும் வேர் வெட்டிவேர். கையால் பிடுங்கினால் தாள்தான் அறுந்து வரும். வேரோ சடைசடையாக இரண்டு மூன்று மீட்டர் ஆழம்வரை இறங்கியிருக்கும். அதை எடுப்பவரின் உழைப்பே பெயராகிவிட்டது.

இதற்கு இலாமிச்சை என்ற பெயரும் உண்டு. மலையாளத்தின் ராமச்சம், கன்னடத்தின் லாவஞ்ச, வடமொழியின் லாமஜ்ஜகம் ஆகியவை அதற்கு உறவான சொற்கள். ஆனால் சித்த மருந்துச் சரக்குகளில் வெட்டிவேரும் விலாமிச்சை எனும் இலாமிச்சையும் தனித்தனியாக வருவதுண்டு. எனவே மருந்துக்கு வாங்குபவர்கள் வைத்தியரிடம் கேட்டுத் தெளிந்தே வாங்க வேண்டும். வடக்கே இந்த வேருக்கு ‘கஸ்’ என்று பெயர். நம் சமையலறைக் கசகசா ஒலியில் அதற்கு நெருக்கமானது. ஆனால் அது வேறொரு செடியின் விதை.

தமிழ்ப் பெயர் கடல் கடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘வெத்திவேர்’ என்று எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து ஆங்கிலத்துக்கும் போனது. 1771-இல் தாவரவியலார் லின்னேயஸ் இந்தப் புல்லைப் பலாரிஸ் என்ற பேரினத்தில் வைத்திருந்தார். 1822-இல் பிரெஞ்சு அறிஞர் போரி தனிப் பேரினம் வகுத்து, ‘வெட்டிவேரியா’ என்று தமிழ்ச் சொல்லையே அதற்குச் சூட்டினார். 1999-இல் தாவரவியலார் வெல்ட்காம்ப் அதைக் கிரைசோபோகன் பேரினத்தோடு இணைத்தபின், அறிவியல் பெயரிலிருந்து தமிழ் விலகியது. வணிகத்தில் அது அசையவில்லை. பாரிஸின் கெர்லேன் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட நறுமணநீரின் பெயரே வெத்திவேர்தான். ஹைட்டியிலும் ஜாவாவிலும் வேரை வடித்து எடுக்கும் எண்ணெயும் இதே பெயரில்தான் விலைபோகிறது.

வேருக்காக வளர்ப்பவர்களுக்கு மணற்பாங்கான நிலமே ஏற்றது. கடலூர்க் கடலோரத்து மணலில் இது நன்றாக வருவதற்கும் அதுவே காரணம்: மணலில் வேர் நேராக இறங்கும், எடுக்கும்போது அறாது. தென்னாட்டு வகை பெரும்பாலும் விதை கட்டுவதில்லை. ஆகவே தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி, குழிக்கு இரண்டு மூன்று நாற்றாக, வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளியில், ஆடி மழையை ஒட்டி நடலாம். முதல் சில வாரம் தண்ணீரும் களையெடுப்பும் தேவை. பிறகு வெள்ளம் தேங்கினாலும் வறட்சி நீடித்தாலும் தாங்கும். நிழலை மட்டும் தாங்காது. 15 முதல் 18 மாதத்தில் வேர் முற்றும். முன்னதாக எடுத்தால் எண்ணெய் குறையும். மிகவும் பிந்தினால் வேர் முரடாகும். வறண்ட பருவத்தில் வெட்டி, அலசி, நிழலில் உலர்த்த வேண்டும்.

இந்தப் பெயர் சொல்லாமல் விட்ட ஒரு பயனும் உண்டு. ஃபிஜித் தீவில் 1950-களில் ஜான் கிரீன்ஃபீல்டு என்பவர் கரும்புத் தோட்டச் சரிவுகளில் இதை வரிசையாக நட்டு மண்ணரிப்பைத் தடுத்தார். 1980-களில் உலக வங்கி வல்லுநர்கள் அந்த முறையை இந்தியாவிலும் பரப்பினார்கள். சரிவுக்குக் குறுக்கே 10 முதல் 15 செ.மீ. நெருக்கத்தில் ஒரே வரிசையாக நட்டால், அடர்ந்த தூர் ஓடும் நீரை மட்டுப்படுத்தி வண்டலை நிறுத்துகிறது. ஆழ இறங்கிய வேர் கரையைப் பிணைக்கிறது. வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாததால் அடுத்த பயிருக்குத் தொல்லை இல்லை. ஆனால் சரிவில் நிற்கும் இதே வேரைத் தோண்டினால் மண் இளகி அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போகும்.

ஆகவே உழவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பதற்கான வேரைச் சமதள மணலில் வளர்த்து வெட்டுங்கள். வெட்டிய கையோடு தூரைப் பிரித்து மறுநடவு செய்யுங்கள். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் நடும் வெட்டிவேரை வெட்டாதீர்கள். அங்கே தாளை மட்டும் அறுத்து மாட்டுக்குப் போடுங்கள், கூரை வேயுங்கள். வேரைக் கரைக்கே விட்டுவிடுங்கள்.