காக்டோ ட்வின்ஸ்

காக்டோ ட்வின்ஸ், ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் ஊரில் 1979இல் உருவாகி 1997இல் கலைந்த இசைக்குழு. பின்னாளில் டிரீம் பாப் என்று பெயர் பெற்ற இசைவகையின் முன்னோடிகளில் முதல் வரிசையில் வைக்கப்படுவது. பாடியவர் எலிசபெத் ஃப்ரேசர். கிட்டாரும் ஒலிப்பதிவும் ராபின் கத்ரியின் பொறுப்பு. பேஸ் கிட்டார் வாசித்தவர் முதலில் வில் ஹெகி, 1983 இறுதியிலிருந்து சைமன் ரேமண்ட். டிரம்ஸ் கலைஞர் என்று குழுவில் ஒருவர் இருந்ததில்லை. இசைத்தட்டுகளில் அந்த வேலையைப் பெரும்பாலும் டிரம் மெஷின் பார்த்துக்கொண்டது. வெளிவந்த ஆல்பங்கள் எட்டு. முதல் ஆறும் ஃபோர் ஏடி என்ற சிறிய சுயேச்சை நிறுவனத்தில் வந்தவை. பாட்டில் சொல் மறைந்து போய், பிறகு மெல்லத் திரும்பி வந்த கதையாகவும் இக்குழுவின் வரலாற்றைப் படிக்கலாம்.

தொடக்கம்

கிரேஞ்ச்மவுத், ஃபோர்த் ஆற்றின் கழிமுகத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் துறைமுகத்தையும் நம்பியிருந்த ஊர். அங்கே ஒரு ஓட்டலின் நடன அரங்கில் கத்ரி இசைத்தட்டு சுழற்றிக்கொண்டிருந்தார். அங்கு ஆட வந்த பெண் ஃப்ரேசர். இவ்வளவு நன்றாக ஆடுகிறவருக்குப் பாடவும் வரும் என்ற ஊகத்தில்தான் அவரைக் குழுவுக்கு அழைத்தார்கள். ஊகம் பலித்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: குழுவில் இரட்டையர் யாரும் இல்லை, பிரெஞ்சுக் கலைஞர் ழான் காக்டோவோடு உறவும் இல்லை. பின்னாளில் சிம்பிள் மைண்ட்ஸ் என்று புகழ் பெற்ற குழு, வேறு பெயரில் இருந்த காலத்தில் பாடிய ஒரு பாட்டின் தலைப்பு அது.

இவர்களின் ஒலிநாடா பிபிசி வானொலியின் ஜான் பீலையும், ஃபோர் ஏடியை நடத்திவந்த ஐவோ வாட்ஸ்-ரசலையும் சென்றடைந்தது. பீல் ஒலிபரப்பினார், வாட்ஸ்-ரசல் லண்டனுக்கு வரவழைத்தார். முதல் ஆல்பம் ‘கார்லண்ட்ஸ்’ 1982இல் வந்து சுயேச்சை இசைத்தட்டுகளின் விற்பனைப் பட்டியலில் ஏறியது. இருண்ட, இறுகிய தொகுப்பு. சூசி அண்ட் த பான்ஷீஸ் குழுவின் சாயல் அதில் தூக்கலாக இருப்பதாக விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். பொய்யில்லை. ஃப்ரேசர் சூசியின் பரம ரசிகை.

கிட்டாரும் குரலும்

1983இல் ஒரு நீண்ட சுற்றுப்பயணத்துக்குப் பின் ஹெகி விலகினார். மீதமிருந்த இருவரும் எடின்பரோவில் ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். குழுவுக்கே உரிய ஒலி பிறந்தது இதில்தான்.

கத்ரி முறையாகக் கிட்டார் பயின்றவர் அல்ல. பங்க் காலத்துப் பிள்ளை. விரல் வித்தையில் அவருக்கு நாட்டமும் இல்லை. தந்தியை ஒருமுறை மீட்டுவார். அந்த ஓசை காலடியில் வரிசையாக இருக்கும் பெட்டிகளுக்குள் போகும். கோரஸ் பெட்டி அதைச் சுருதி மயிரிழை பிசகிய இன்னொரு ஓசையோடு கலக்கும். டிலே பெட்டி அதையே கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் எதிரொலிகளாகத் திருப்பித் தரும். ரிவெர்ப் அந்த எதிரொலிகளின் ஓரங்களைக் கரைத்துவிடும். மீட்டல் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று காதால் பிரிக்க முடியாது. வெளியே வருவது கிட்டார் என்பதையே மறக்கச் செய்யும் ஒரு மூட்டம். அதன் அடியில் டிரம் மெஷின் மட்டும் இரக்கமில்லாமல், துல்லியமாக இடித்துக்கொண்டிருக்கும். மூட்டம் கலைந்து போகாமல் பிடித்து வைத்திருப்பது அந்த இடிதான்.

அதன் மேல் ஃப்ரேசரின் குரல். ஒரு குரலில் ஒரு மெட்டைப் பாடுவார். பல்லவியில் தன் குரலையே இன்னொரு தடத்தில் வேறொரு மெட்டோடு அதன் மேல் அடுக்குவார். மேடையில் ஒரே வாயால் இதைப் பாடிக்காட்ட வழியில்லை. பாடுகிற சொற்களோ புரியாது. அகராதிகளிலிருந்தும் தனக்குத் தெரியாத மொழிப் புத்தகங்களிலிருந்தும் ஓசை பிடித்த சொற்களைப் பொறுக்கி எடுப்பார், சிலவற்றை அவரே உண்டாக்குவார். பொருள் தெரியாத சொல்லைப் பாடும்போதுதான் உணர்ச்சி தடையின்றி வருகிறது என்பது அவருடைய அனுபவம். ஆலாபனையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் பெரிய வியப்பு இராது. ஆங்கிலப் பாப் உலகத்துக்கு இருந்தது. பாட்டுக்குப் பாட்டு அவரவர் காதில் விழுந்ததை எழுதி வைத்துக்கொண்டு ரசிகர்கள் சண்டை போட்டார்கள்.

சைரன் பாட்டு

அதே 1983இல், ஃபோர் ஏடியின் கலைஞர்களை மாற்றி மாற்றிச் சேர்த்து வாட்ஸ்-ரசல் நடத்திய திஸ் மார்டல் காயில் என்ற பெயரில், அமெரிக்கப் பாடகர் டிம் பக்லியின் ‘சாங் டு த சைரன்’ பாட்டை ஃப்ரேசரும் கத்ரியும் பதிவு செய்தார்கள். ஒரு கிட்டார், ஒரு குரல், அவ்வளவே. வேறொரு பாட்டின் மறுபக்கத்துக்கென்று எடுக்கப்பட்டது முன்பக்கத்துக்கு வந்து, பிரிட்டனின் சுயேச்சை இசைப் பட்டியலில் 101 வாரம் இருந்தது. இயக்குநர் டேவிட் லிஞ்ச் ‘ப்ளூ வெல்வெட்’ படத்துக்கு இதைக் கேட்டார். உரிமைத் தொகை கட்டுப்படியாகவில்லை. பதிலுக்கு இசையமைப்பாளர் ஆஞ்சலோ பாடலமென்டியிடம் புதிதாக ஒரு பாட்டு வாங்கிப் பாடகி ஜூலி க்ரூஸைப் பாடவைத்தார். லிஞ்ச் படங்களுக்கென்றே ஒரு இசைப்பாணி உருவானதில், கிடைக்காமல் போன இந்தப் பாட்டுக்கும் பங்குண்டு.

மூவர்

1983இன் இறுதியில் சேர்ந்த சைமன் ரேமண்ட், லண்டனில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். தந்தை ஐவர் ரேமண்ட் 1960களின் பாப் பாட்டுகளுக்கு இசைக்கோப்பு செய்தவர். பியானோவும் மெட்டின் ஒழுங்கும் மகன் வழியே குழுவுக்குள் வந்தன. 1984இல் ‘பேர்லி-டியூட்ராப்ஸ் டிராப்ஸ்’ பிரிட்டிஷ் தனிப்பாடல் பட்டியலில் 29ஆம் இடம் பிடித்தது. இவர்களின் எந்தத் தனிப்பாடலும் அதற்கு மேல் ஏறவில்லை.

அதே ஆண்டின் ‘ட்ரெஷர்’ ஆல்பத்தில் பத்துப் பாட்டு. பத்துக்கும் ஒற்றைச் சொல் பெயர்தான் தலைப்பு. ரசிகர்கள் கொண்டாடும் இந்த ஆல்பத்தை ஆக்கியவர்களுக்கே பிடிக்காது. அவசரத்தில் முடிந்த அரைகுறை வேலை என்பது அவர்கள் எண்ணம். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, பிற்பாதி அலங்காரத்திலேயே நின்றுவிடுகிறது. ஆனால் அதிலுள்ள ‘லோரலை’ பாட்டைக் கேட்ட பிறகு அந்தக் குறையைப் பேச மனம் வராது.

1986இல் ரேமண்ட் வேறு பதிவில் இருந்தபோது மற்ற இருவரும் செய்த ‘விக்டோரியாலேண்ட்’, அண்டார்க்டிகாவின் ஒரு பகுதியைப் பெயராகக் கொண்டது. டிரம் மெஷின் ஏறக்குறைய ஓய்வெடுத்துக்கொண்டது. டிஃப் ஜஸ் குழுவின் ரிச்சர்ட் தாமஸ் சாக்ஸஃபோனும் தபலாவும் வாசித்தார். அவ்வாண்டே அமெரிக்கப் பியானோ கலைஞர் ஹரால்ட் பட்டுடன் சேர்ந்து, குழுவின் பெயரைப் போடாமல், நால்வர் பெயரிலும் ‘த மூன் அண்ட் த மெலடீஸ்’ வந்தது.

டிரீம் பாப் என்ற பெயரை இவர்கள் சூட்டவில்லை. ஏ.ஆர். கேன் குழுவின் அலெக்ஸ் அயூலி 1980களின் பிற்பகுதியில் தங்கள் இசையைக் குறிக்கச் சொன்னது என்பார்கள். விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் அதைப் பரப்பினார். அந்தக் குழு 1987இல் ஃபோர் ஏடிக்குச் செய்த இசைத்தட்டைத் தயாரித்தவர் ராபின் கத்ரி.

1988இல் ‘ப்ளூ பெல் நோல்’ வந்தபோது அமெரிக்காவில் விற்பதற்கு கேபிடல் நிறுவனம் கைகொடுத்தது.

சொல் திரும்புதல்

இணைந்து வாழ்ந்த ஃப்ரேசருக்கும் கத்ரிக்கும் 1989இல் ஒரு மகள் பிறந்தாள். அடுத்த ஆண்டு ரேமண்டின் தந்தை காலமானார். கத்ரியோ போதைப் பழக்கத்தில் ஆழ்ந்திருந்தார். இந்தப் பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவில், தேம்ஸ் கரையோரமாக ராக் இசைக்கலைஞர் பீட் டவுன்ஷெண்டிடம் குத்தகைக்கு எடுத்த ஒலிக்கூடத்தில் உருவானது ‘ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்’. 1990 செப்டம்பரில் வெளியாகி பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 7ஆம் இடம் பெற்றது. முதல் பாட்டு ‘செரி-கலர்ட் ஃபங்க்’கில் ஃப்ரேசர் அடிக்குரலில் முணுமுணுத்துக்கொண்டே வந்து, பல்லவியில் சட்டென்று உச்சிக்குத் தாவுகிறார். சொற்கள் இப்போது ஆங்காங்கே காதில் விழுகின்றன. தாய்மை அவரைத் தெளிவாகப் பேசவைத்தது என்றே தோன்றுகிறது. குழு செய்ததில் மிகச் சிறந்தது இதுதான்.

ஆனால் ஃபோர் ஏடியோடு உறவு கசந்திருந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் வாட்ஸ்-ரசல் இவர்களை நிறுவனத்திலிருந்து விடுவித்துவிட்டார். அடுத்த இரண்டு ஆல்பங்களும் பெரிய நிறுவனமான ஃபோன்டானாவுக்கு. ‘ஃபோர்-காலண்டர் கஃபே’ 1993இல் வந்தது. சாலையோரச் சாப்பாட்டுக்கடையின் தரத்தைச் சுவரில் தொங்கும் நாள்காட்டிகளை எண்ணி அளந்த அமெரிக்கப் பயண எழுத்தாளர் வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூனிடமிருந்து எடுத்த பெயர். ஃப்ரேசரும் கத்ரியும் பிரிந்த காலம் அது. சொற்கள் முழுதாகக் கேட்கின்றன: எதிரில் இருக்கும் ஆண் தனக்கு ஏற்றவன்தானா என்று ‘ப்ளூபியர்ட்’ பாட்டில் நேரடியாகவே கேட்கிறார். அப்படிக் கேட்கும் பாட்டுக்குக் கிட்டார் வாசிப்பவர் கத்ரி. 1996இல் ‘மில்க் அண்ட் கிஸ்ஸஸ்’. 1997இல் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே குழு முடிந்தது.

பிற்காலம்

கத்ரியும் ரேமண்டும் 1997இல் பெல்லா யூனியன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பின்னர் ரேமண்டின் கையில் அது வளர்ந்து ஃப்ளீட் ஃபாக்ஸஸ், பீச் ஹவுஸ் ஆகிய குழுக்களின் இசையை ஐரோப்பாவில் வெளியிட்டது. பீச் ஹவுஸ் இவர்களின் பேரப்பிள்ளை போன்ற குழு என்பதால் இது பொருத்தம்தான். ஃப்ரேசர் மாசிவ் அட்டாக் குழுவின் ‘டியர்டிராப்’ பாட்டை எழுதிப் பாடினார். அது பதிவாகிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஜெஃப் பக்லி மெம்ஃபிஸில் ஆற்றில் மூழ்கி இறந்த செய்தி வந்தது. ஜெஃப் அவருக்கு நெருக்கமாக இருந்தவர். ‘சாங் டு த சைரன்’ பாடிய டிம் பக்லியின் மகன்.

2005 ஜனவரியில், கோச்செல்லா இசைவிழாவில் மூவரும் மீண்டும் மேடையேறுவதாக அறிவித்தார்கள். 55 நிகழ்ச்சிகள் கொண்ட உலகச் சுற்றுப்பயணமும், ஆளுக்குப் பதினைந்து லட்சம் பவுண்டு ஊதியமும் பேசப்பட்டிருந்ததாக ரேமண்ட் பின்னர் சொன்னார். கத்ரியுடன் ஒரே மேடையில் நிற்க முடியாது என்று ஃப்ரேசர் மார்ச்சில் விலகிக்கொண்டார்.

2012 ஆகஸ்டில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நடந்த மெல்ட்டவுன் விழாவில் அவர் தனியாக வந்தார். பழைய காக்டோ பாட்டுகள் சிலவற்றோடு ‘சாங் டு த சைரன்’ஐயும் பாடினார். கிட்டார் வாசித்தது வேறொருவர்.