300-ஐ 450 ஆக்கிய கதை

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து இது இரண்டாவது கோடை. மே மாதம் 45 டிகிரியைத் தொடும் ஊர். ஜன்னலில் பெரிய தகரக் கூலர், அதற்குள் தண்ணீர் சொட்டும் வெட்டிவேர்த் தட்டி, அதன் இரைச்சல். இது இல்லாமல் இங்கே தூக்கம் வராது. இப்படிப்பட்ட ஊரில்தான் என் பையன் (ஒன்பதாவது படிக்கிறான்) ஒரு பழைய பொட்டியை ஓவர்கிளாக் செய்யப் போகிறேன் என்று நின்றான்.

பொட்டி எங்கள் காலனியில் ஒருவர் வீடு காலி செய்தபோது கொடுத்தது. உள்ளே இருப்பது இன்டெல் கோர் ஐ3-2100. 2011-ல் வந்தது, 3.1 கிகாஹெர்ட்ஸ். ஒரு சாயங்காலம் முழுக்க பயாஸைக் குடைந்து பார்த்தான். பிராசஸர் வேகத்தைக் கூட்ட வழியே இல்லை. "ஏம்ப்பா பூட்டி வச்சிருக்காங்க? நம்ம பொட்டிதானே?" என்றான்.

நியாயமான கேள்வி. நான் படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை. ஆனாலும் இந்தப் பூட்டின் வரலாறு எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் பெருமைப்படும்படி இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நகைக்கடன் வாங்கியவர்களுக்கு மார்ஜின் என்றால் என்னவென்று தெரியும். லட்ச ரூபாய் பெறும் நகைக்கு நாங்கள் லட்ச ரூபாய் கொடுப்பதில்லை. நாளைக்குத் தங்கம் விலை இறங்கினாலும் வங்கி முழுகாமல் இருக்க ஓர் இடைவெளி விட்டுத்தான் கொடுப்போம். பிராசஸரும் அப்படியே. சில்லுகளைச் சோதித்து, சூடு ஏறினாலும், மின்னழுத்தம் சற்று இறங்கினாலும், வருடக் கணக்கில் ஓடினாலும் தாங்கக்கூடிய வேகம் எதுவோ அதை முத்திரை குத்துவார்கள். மலிவுச் சரக்குக்குக் கிராக்கி அதிகமென்றால், நன்றாக ஓடக்கூடிய சில்லுக்கும் குறைந்த வேக முத்திரையே விழும். முத்திரைக்கும் நிஜமான திறனுக்கும் நடுவில் இருக்கிற இந்த இடைவெளி யாருக்குச் சொந்தம்? ஓவர்கிளாக்கிங் வரலாறு முழுக்க இந்த ஒரு சொத்துத் தகராறுதான்.

தகராறு பழையது. ஐபிஎம் 1984-ல் பிசி ஏடி என்ற இயந்திரத்தை வெளியிட்டது. 6 மெகாஹெர்ட்ஸ் வேகம். உள்ளே 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று இருக்கும். அதில் பாதிதான் பிராசஸர் வேகம். அந்தக் கிரிஸ்டல் சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தது. ஆட்கள் அதைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைச் செருகினார்கள். சில டாலர் செலவில் 8 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. ஐபிஎம் சும்மா இருக்குமா? வேகத்தை அளந்து பார்த்து, கூடுதலாக இருந்தால் கிளம்ப மறுக்கும்படி ராமில் (மெமரி இல்லை, படிக்க மட்டுமான அந்த ரோமில்) மாற்றம் செய்தது. பிறகு 1986-ல் தானே 8 மெகாஹெர்ட்ஸ் ஏடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது! முதல் பூட்டு என்று இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது பூட்டுக்குக் காரணம் திருடர்கள். 90-களில் பென்டியம் சில்லின் மேல் இருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு, கூடுதல் வேகத்தை அச்சடித்து விற்கும் கூட்டம் ஒன்று உருவானது. காசோலையில் தொகையைத் திருத்துவது மாதிரி. வாங்கியவருக்குத் தன் பொட்டி ஓவர்கிளாக் செய்யப்பட்டது என்றே தெரியாது. அடிக்கடி நின்றுபோகும், திட்டு இன்டெலுக்கு விழும். பிராசஸர் வேகம் என்பது பஸ் வேகத்தைப் பெருக்கி எண்ணால் பெருக்கினால் வருவது. 1998 வாக்கில் இன்டெல் அந்தப் பெருக்கி எண்ணைச் சில்லுக்குள்ளேயே பூட்டிவிட்டது. கள்ளச்சரக்கைத் தடுக்க என்று சொன்னார்கள். பொய்யில்லை. தன்னுடைய விலையுயர்ந்த சரக்கைக் காப்பாற்றவும் அது வசதி என்பதைச் சொல்லவில்லை.

ஒரு கதவைப் பூட்டியவர்கள் இன்னொன்றை விட்டுவிட்டார்கள். பஸ் வேகம் மதர்போர்டின் கையில் இருந்தது. 1998 ஆகஸ்ட் 24 அன்று ஒரே நாளில் இரண்டு சரக்குகள் வந்தன. ஒன்று பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், மொத்த விலை 669 டாலர். இன்னொன்று ஏழைகளுக்கான செலரான் 300ஏ, 149 டாலர். முந்தைய செலரானில் இரண்டாம் நிலை கேஷ் மெமரியே கிடையாது, எல்லோரும் சிரித்தார்கள். அந்த அவமானத்தைத் துடைக்க 300ஏ-யில் 128 கேபி கேஷைச் சில்லுக்குள்ளேயே, பிராசஸரின் முழு வேகத்தில் வைத்தார்கள். பென்டியம் 2-ல் 512 கேபி இருந்தாலும் அது வெளியே, பாதி வேகத்தில்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 300ஏ-யின் பெருக்கி 4.5, பஸ் 66. அதே போர்டில் பஸ்ஸை 100 ஆக்கினால் 450. இன்டெலின் 440பிஎக்ஸ் சிப்செட் 100-ஐ முறைப்படியே ஆதரித்தது. நிறைய 300ஏ சில்லுகள் முணுமுணுப்பே இல்லாமல் ஓடின. தானாக வேகம் கண்டறியும் போர்டு வைத்திருந்தவர்கள் சில்லின் அட்டையில் பி21 என்ற ஒரேயொரு காலை டேப்பாலோ நெயில் பாலிஷாலோ மூடி, போர்டை ஏமாற்றினார்கள். டாம்ஸ் ஹார்ட்வேர், ஆனந்த் லால் ஷிம்பி பள்ளி நாட்களில் ஆரம்பித்த ஆனந்த்டெக் (2024-ல் நின்றுபோனது) போன்ற தளங்கள் இந்தச் சில்லைக் கொண்டாடித் தீர்த்தன.

எனக்கு அந்தத் தளங்கள் பிறகுதான் தெரியும். 1999 தொடக்கத்தில் அப்பா பி.எஃப். கடன் போட்டு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்து கும்பகோணத்துக்குக் கொண்டுவந்தோம். செலரான் 300ஏ, பிஎக்ஸ் போர்டு, 64 எம்பி மெமரி. அக்காவின் எம்.ஃபில். ஆய்வேடுதான் அதற்குக் காரணம், நான் ஓட்டிக்கொண்டவன். ஒரு நண்பன் சொன்னதை அரைகுறையாகக் கேட்டு, போர்டில் இருந்த ஜம்பரை மாற்றக் கிளம்பினேன்.

கவனமான ஆள் என்று என்னைப் பற்றி எனக்கு நினைப்பு. எடுத்த எடுப்பில் 100-க்குப் போகாமல் 75 வைத்தேன். ஓடியது. 83 வைத்தேன், 375 மெகாஹெர்ட்ஸ். அதுவும் ஓடியது. நாலைந்து நாள் ராஜாவாக இருந்தேன்.

ஹார்ட் டிஸ்க் தொங்கிக்கொண்டிருக்கும் பிசிஐ பஸ்ஸுக்கு 33 மெகாஹெர்ட்ஸ்தான் முறை. மெயின் பஸ் 66 என்றால் போர்டு அதில் பாதியை எடுத்துக்கொள்ளும், 33. 100 என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் 33. ஆனால் 83-ல் என் போர்டு பாதியைத்தான் எடுத்தது. 41.5! பிராசஸர் பத்திரமாக ஓடிக்கொண்டிருக்க, டிஸ்க்கில் எழுதுவதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டிருந்தது. துணிந்து 100-க்குத் தாவியிருந்தால் டிஸ்க் தப்பித்திருக்கும். பயந்து பயந்து ஏறியதால் போனது. இது எனக்குத் தெரிந்தது மூன்று மாதம் கழித்து, பிரவுசிங் சென்டரில்.

கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி அக்கா அடித்து வைத்திருந்த கோப்பு ஒரு காலையில் கட்டம் கட்டமாகத் திறந்தது. பிளாப்பியில் முதல் அத்தியாயம் மட்டும் இருந்தது. ஸ்கேன்டிஸ்க் ஓட்டியதில் மிச்சமும் துண்டுதுண்டானது. சமர்ப்பிக்க இரண்டு வாரம்.

அது ஏப்ரல் 1999-ன் கடைசி வாரம். 26-ம் தேதி சிஐஹெச் என்ற செர்னோபில் வைரஸ் பல நாடுகளில் கணினிகளைச் சாய்த்திருந்தது. பேப்பரிலெல்லாம் செய்தி. "அந்த வைரஸ்தான்க்கா" என்றேன். வாய் கூசவில்லை. அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். அக்கா ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து அடித்தாள். ராத்திரி ரெண்டு மணிக்கும் கீபோர்டுச் சத்தம் கேட்கும். அட்டவணைகளுக்குக் கையெழுத்துப் பிரதி இல்லை. சங்கப் பதிவேடுகளைத் திரும்பப் பார்க்க மூன்று நாள் பஸ்ஸில் அலைந்தாள்.

அக்கா சமர்ப்பித்த பிறகு நான் பஸ்ஸை 100-க்கு வைத்தேன். மெமரியும் அதே 100-ல் ஓடியாக வேண்டும். நல்லவேளை, எங்களுடையது பிசி100 வகை. சிஏஎஸ் தாமதத்தை 2 என்று வைத்தால் விண்டோஸ் வருவதற்குள் நின்றது, 3 வைத்ததும் அடங்கியது. 450-ல் ஐந்து வருடம் ஓடியது. 520 டாலர் மிச்சம் என்று நண்பர்களிடம் அளந்திருக்கிறேன். (669-லிருந்து 149 போக. வணிகவியல் மாணவன் இல்லையா.)

மீதிக் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஏஎம்டி 2000-ல் விட்ட தண்டர்பேர்ட், டியூரான் சில்லுகளில் பூட்டு மேலாகவே தெரிந்தது. எல்1 என்ற புள்ளிகளைச் சாதாரண பென்சிலால் இணைத்தால் பெருக்கி திறந்துகொள்ளும்; கிராஃபைட் மின்சாரம் கடத்தும். அடுத்து வந்த அத்லான் எக்ஸ்பி-யில் புள்ளிகளுக்கு நடுவே பள்ளம் போட்டு பென்சிலை ஒழித்தார்கள். அதே 2000-ல் ஏஎம்டியை முந்தும் அவசரத்தில் இன்டெல் ஜூலை 31 அன்று 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ விட்டது. டாம்ஸ் ஹார்ட்வேரின் தாமஸ் பாப்ஸ்ட் சோதித்தபோது லினக்ஸ் கெர்னலைக்கூட அதில் கம்பைல் செய்து முடிக்க முடியவில்லை. ஆகஸ்ட் 28 அன்று இன்டெல் திரும்பப் பெற்றுக்கொண்டது. மார்ஜினைத் தின்றது இந்த முறை கம்பெனியே.

பிறகு மார்ஜினையே விற்கலாமே என்று தோன்றியது போலும். 2010-ல் பென்டியம் ஜி6951 என்று ஒன்று. கடையில் 50 டாலருக்கு ஒரு சுரண்டல் அட்டை வாங்கி, எண்ணைத் தட்டினால் ஏற்கெனவே உங்கள் சில்லுக்குள் இருக்கிற கேஷின் ஒரு பகுதி திறக்கும்! மொபைல் ரீசார்ஜ் கூப்பன் மாதிரியேதான். திட்டித் தீர்த்தார்கள், 2011-ல் கைவிட்டார்கள். ஆனால் அதே 2011-ல் வந்த சேண்டி பிரிட்ஜ் வரிசையில், எல்லா பஸ்களையும் ஒரே கடிகாரத்தில் கட்டிப்போட்டார்கள். அதை லேசாக அசைத்தாலே டிஸ்க் கன்ட்ரோலர் உட்பட எல்லாம் அசையும். முழுத் திறப்பு வேண்டுமென்றால் பெயரில் 'கே' உள்ளதை வாங்க வேண்டும். ஐ5-2500-க்கும் 2500கே-வுக்கும் பட்டியல் விலையில் 11 டாலர் வித்தியாசம். பையனின் ஐ3-2100 அதே வரிசை. அதில் 'கே' இல்லை.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். எண்பத்து மூன்றையும் சேர்த்து. அவன் பூட்டைப் பற்றி மேலே எதுவும் கேட்கவில்லை. "அத்தைக்குத் தெரியுமா?" என்றான்.

தெரியாது. அக்கா இங்கே நான் எழுதுவதை ஒன்றுவிடாமல் படிப்பாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வாள். இன்று வியாழன்.